ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, பின்சுவருக்குப் பெயின்ட் அடிப்பது எப்படி?

பிரிட்டனில் வீடு வாங்கியதும் நம்மவர்கள் பலர் பெயின்ட் வேலையைத் தாங்களே செய்துவிடுகிறார்கள். கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஆனால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மூடியிருக்கும் மரப்பெட்டி வந்ததும் கை நின்றுவிடும். பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டி, பிரஷ் எட்டுகிற வரைக்கும் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய நிறம் பெட்டியின் முன்பக்க வலைக்குப் பின்னால் தெரிந்துகொண்டே இருக்கும், அதோடு அந்தப் பெட்டிக்குள் சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

இதைக் கோடையில் செய்யுங்கள். ஹீட்டிங் ஓடும்போது சுவர் சூடாக இருக்கும், எமல்ஷன் (தண்ணீர் கலந்த சுவர் பெயின்ட்) பரவுவதற்குள் காய்ந்து ரோலர் தடம் அப்படியே நிற்கும். குளிர்காலத்தில்தான் நேரம் கிடைக்கிறது என்றால், ஹீட்டிங்கை அணைத்து ரேடியேட்டர் முழுக்க ஆறிய பிறகு தொடங்குங்கள்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. ஸ்க்ரூடிரைவர், புது பிளேடு போட்ட கட்டர், பட்டி, பட்டித் தகடு, உப்புத்தாள், சுகர் சோப் (பெயின்ட் அடிக்கும் முன் சுவர் அழுக்கை எடுப்பது), மாஸ்கிங் டேப், பழைய பெட்ஷீட், அப்புறம் முக்கியமாக நீளக் கைப்பிடி உள்ள 4 அங்குல ரோலர். ரேடியேட்டருக்கும் சுவருக்கும் நடுவே நுழைவதற்கென்றே விற்கிறார்கள், விலையும் குறைவுதான்.

பெட்டி எப்படி நிற்கிறது?

இழுக்கும் முன் இதைக் கண்டுபிடியுங்கள். மேலே இருக்கிற போட்டோ, சாவிக் கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தரையில் படுத்து போன் டார்ச்சை வலை வழியாக உள்ளே அடித்துப் பாருங்கள். சில பெட்டிகள் சும்மா சுவரோடு சாய்ந்து நிற்கும். சில, சுவரில் அடித்த கொக்கியில் தொங்கும். அவற்றை முதலில் மேலே தூக்கி, பிறகுதான் முன்னால் இழுக்க வேண்டும். சிலவற்றில் உள்பக்கம் எல் வடிவ இரும்புத் துண்டு சுவரோடு ஸ்க்ரூ செய்யப்பட்டிருக்கும், அதை எட்ட முன்பலகையைக் கழற்ற வேண்டும். தச்சர் வந்து செய்த பெட்டி என்றால் ஸ்க்ரூ தலைகளைப் பட்டியால் மூடி மேலே பெயின்டும் அடித்திருப்பார். பலகையை விரலால் தடவிப் பார்த்தால் சின்ன மேடு பள்ளம் தட்டுப்படும், அங்கே கட்டர் முனையால் சுரண்டுங்கள்.

ஸ்க்ரூ எல்லாம் கழன்றும் பெட்டி அசையவில்லையா? ஒட்டிப் பிடித்திருப்பது பெயின்ட்தான். பல வருடங்களாக அடித்த கோட் சுவரையும் பெட்டி விளிம்பையும் ஒரே தோலாகப் பிணைத்திருக்கும், சிலர் இடைவெளியில் கோல்க் என்ற அடைப்புப் பசையும் பூசியிருப்பார்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். கட்டர் முனையைப் பெட்டிப் பக்கம் சற்றே சாய்த்து, விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழே மெதுவாகக் கீறுங்கள், அழுத்தாமல் இரண்டு மூன்று தடவை. சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையைத் தொடும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். கீறாமல் இழுத்தால் பெட்டியோடு சுவரின் பெயின்டும் பட்டையாக உரிந்துவரும். ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால் மேல்காகிதமே கிழிந்து பழுப்பு நிறம் தெரியும். அப்படிக் கிழிந்தால் உடனே பட்டி வைக்காதீர்கள், ஈரம் பட்டதும் காகிதம் குமிழ் விடும். முதலில் ஆயில் ப்ரைமர் ஒரு கோட் அடித்துக் காயவிட்டுத்தான் பட்டி.

நீளமான பெட்டிக்கு இரண்டு பேர் வேண்டும், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை பார்ப்பதைவிடக் கனம். பக்கவாட்டில் திருப்பாமல் நேராக உங்கள் பக்கம் இழுங்கள், அறையின் சூட்டைப் பார்த்துத் தானே திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வின் தலை நீட்டிக்கொண்டிருக்கும், இடித்துவிடக் கூடாது. கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டுப் பெட்டியின் உள்பக்கமே ஒட்டிவிடுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

தூசி நிறைய இருக்கும். ரேடியேட்டரிலிருந்து மேலெழும் சூடான காற்று தூசியைத் தூக்கிப்போய்ச் சுவரில் படியவைக்கும், சுவரில் ஓடும் கரும்பட்டைகள் அதனால்தான். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு, சுகர் சோப் கரைத்த தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொரு தடவை துடையுங்கள். இந்த அழுக்கின் மேல் அடித்த பெயின்ட் நிற்காது.

பழைய வீடு என்றால் உப்புத்தாளை எடுக்கும் முன் நில்லுங்கள். லண்டனில் ஹாரோ பக்கம் 1930-களில் கட்டிய வீடுகளும் ஈஸ்ட்ஹாமில் அதற்கும் முந்தைய வரிசை வீடுகளும் நிறைய. அடிக் கோட்டுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். வறண்ட உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசியைத்தான் குழந்தைகள் சுவாசிப்பார்கள். சோதனைக் கிட் கடைகளில் கிடைக்கும், சந்தேகம் இருந்தால் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) நனைத்து ஈரத்தோடு மட்டும் தேயுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் சாம்பல் நிறப் பலகை பொருத்தியிருந்தால் அதைத் துளைக்கவோ உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுதாகத் தடையானது 1999-இல், அதனால் 2000-க்கு முன் கட்டிய எந்த வீட்டிலும் அது இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் விஷயம் தெரிந்த நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஈரக் கறை இருந்தால் வால்வில் கசிவு உண்டா என்று காகிதம் வைத்து ஒற்றிப் பாருங்கள். கசிவை நிறுத்தி, சுவர் காய்ந்த பிறகு கறைத்தடுப்பு ப்ரைமர் அடியுங்கள். வெறும் எமல்ஷன் எத்தனை கோட் போட்டாலும் மஞ்சள் ஊறி வெளியே வரும்.

ரேடியேட்டரையும் கழற்றணுமா?

முதல் தடவை என்றால் வேண்டாம் என்பேன். இரண்டு வால்வையும் மூடி, மறுபக்க வால்வை எத்தனை சுற்று திருப்பினோம் என்று எண்ணிவைத்து, உள்ளிருந்து வரும் கறுப்புத் தண்ணீரைக் கார்ப்பெட்டில் சிந்தாமல் பிடித்து, பிறகு பாய்லர் பிரஷரைச் சரிசெய்வது வரை அது வேறு வேலை. வாடகை வீடு என்றால் அதைத் தொடவே தொடாதீர்கள். பெட்டியைக் கழற்றவும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரேடியேட்டரை பிளாஸ்டிக் தாளால் சுற்றுங்கள். ஓரங்கள், குழாய்களின் பின்புறம் எல்லாம் பிரஷ்ஷால் முதலில். பிறகு அந்த நீள ரோலரைக் கொஞ்சமாகத் தோய்த்து, மேலிருந்து எட்டுகிற வரை, அப்புறம் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும். நிறையத் தோய்த்தால் ரேடியேட்டர் முதுகில் வழியும். வெள்ளிநிறத் தாள் ஒட்டியிருந்தால் அது வெப்பத்தை அறைக்குள் திருப்பிவிடுவதற்கு, அதன்மேல் பெயின்ட் வேண்டாம். பெட்டி மறைக்கும் இடத்துக்கு மட்டும் அடித்து நிறுத்தாமல் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடியுங்கள், அதே டின் நிறமாக இருந்தாலும் பழைய பெயின்ட் மங்கியிருக்கும், ஒட்டுப்போட்டது தெரியும். இரண்டு கோட், நடுவே டின்னில் சொன்ன நேரம் காயவிடுங்கள்.

பெட்டியை அன்றே திரும்ப மாட்டாதீர்கள். கைக்குக் காய்ந்தாற்போல் இருக்கும், ஆனால் அழுத்தி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் விட்டால் நல்லது, ஹீட்டிங்கும் குறைந்தது 24 மணி நேரம் வேண்டாம். மாட்டும்போது விளிம்பில் மறுபடி கோல்க் பூசாதீர்கள், அடுத்த முறை கழற்றப்போவதும் நீங்கள்தான். கடைசியாக ஒன்று: தெர்மோஸ்டாட் வால்வு பெட்டிக்குள் அடைபட்டிருந்தால் உள்ளே தேங்கிய சூட்டையே அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு சீக்கிரம் மூடிவிடும், அறை குளிராகவே இருக்கும். அதற்கு உணர்வியைத் தனியாக வெளியே வைக்கிற வால்வுத் தலை விற்கிறார்கள், பெட்டி வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.