பழைய ஜிப்சி வாங்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

மாருதி ஜிப்சியில் இஞ்சின் கடைசிக் கவலை. 2000 முதல் வந்த 1.3 லிட்டர், 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சும்) இஞ்சின், ஆயிலும் கூலன்ட்டும் ஒழுங்காக மாற்றினால் நெடுநாள் உழைக்கும். காசைத் தின்பவை துருவும், முன்பக்கத்து ஆக்சிலும்தான். அதனால் பானட்டைத் தொடுவதற்கு முன் டார்ச், சிறு சுத்தியல், விரிக்க ஒரு கோணியோடு அடியில் புகுங்கள்.

வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸை நெடுகத் தட்டி வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமானாலோ பொருக்கு உதிர்ந்தாலோ உள்ளே அரித்திருக்கிறது. ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டும் இடங்களில் சேறு தங்கும். அங்கே நிதானமாகப் பாருங்கள். அடிப்பாகத்தில் அடிக்கும் கருப்புப் பூச்சு (அண்டர்கோட்) புதிதாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள், துருவின் மேலேயே அடித்துவிடுவார்கள். சேசிஸில் ஒட்டு வெல்டிங் இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

அடுத்து, முன் சக்கரத்துக்கு உள்பக்கம் உள்ள உருண்டை நக்கிள், அதாவது சக்கரம் திரும்பும் மூட்டு. கிரீஸ் பூசினாற்போல் இருப்பது இயல்பு. நீர்த்த எண்ணெய் வழிந்தால் ஆக்சில் சீல் போய், டிஃபரென்ஷியல் ஆயில் கிரீஸோடு கலக்கிறது. சீல் மலிவுதான், நக்கிளை முழுக்கக் கழற்ற வேண்டியிருப்பதால் கூலி ஏறும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் நக்கிள் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங். ஓட்டும்போது குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் உதறுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கிங்பின்தான் காரணம்.

நான்கு சக்கர ஓட்டத்தை மண் தரையில் மட்டும் சோதியுங்கள். முன், பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃபரென்ஷியல் இதில் கிடையாது. தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கர ஓட்டம், வேக நிலை) போட்டு வளைத்தால் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். முன் சக்கர நடுவில் உள்ள ஹப் கையால் லாக் செய்வது என்றால் முதலில் இறங்கி இரண்டையும் திருப்புங்கள். வண்டியை நிறுத்தி 4எல் (நான்கு சக்கர ஓட்டம், மெதுவான இழுவை நிலை), முதல் கியர் போடுங்கள். கொஞ்சம் முடுக்கிவிட்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுங்கள். 4எல் லீவர் தானாகக் கழன்றால், இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்திருக்கிறது. 'டொக்' என்று கேட்டால் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸைப் பாருங்கள். அது சில்லறை வேலை.

தூக்கித் தூக்கிப் போடுவது பழுதல்ல. நாலு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங். புது வண்டியே அப்படித்தான் குதித்தது. பெட்ரோலும் தாராளமாகக் குடிக்கும்.

கடைசியாக ஆர்.சி. (பதிவுச் சான்று). சேசிஸ் எண்ணை இரும்பில் நேரடியாகப் படித்து அதோடு ஒப்பிடுங்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டியென்றால், புதுப்பித்த பதிவு எதுவரை செல்லும் என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.