பாறைப் பாதை வண்டிக்குப் புது ரிம்மா, ரீகண்டிஷன் ரிம்மா?

ஓடையில் இறங்குவதற்கு முன் என் மாருதி ஜிப்ஸியின் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்திருந்தேன். தண்ணீருக்கடியில் கிடந்த கல் கண்ணில் படவில்லை. முன் இடது ரிம்மின் உள்விளிம்பு நான்கு விரல் அகலத்துக்கு மடங்கிவிட்டது. மற்ற நான்கையும் கழற்றிப் பார்த்தால், டயர் உட்காரும் இடமெல்லாம் துரு. ஐந்தையும் புதிதாக வாங்குவதா, பழையதைப் பெண்டு எடுத்து (கோணலை நேராக்கி) ஓட்டுவதா என்று ஒரு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஜாக்கி போடுவது, டயர் கழற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இரும்பா, அலாயா?

இதை முடிவு செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரும்பு மடங்கும், அலாய் விரிசல் விடும். மடங்கிய இரும்பு ரிம்மைச் சூடு காட்டாமல் பிரஸ்ஸில் வைத்தே நேராக்கலாம். அலாய் ரிம் அப்படி இல்லை. வார்த்த அலுமினியத்தைச் சுமார் 540 டிகிரியில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துத்தான் அதற்கு உறுதி ஏற்றுகிறார்கள். பட்டறையில் கேஸ் விளக்கைக் காட்டிப் பெண்டு எடுத்தாலோ, விரிசலை வெல்டு வைத்தாலோ அந்த இடத்தில் அந்த உறுதி போய்விடும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், அடியில் உலோகம் தளர்ந்திருக்கும்.

அதனால் அலாய் என்றால் புதிதாகவே வாங்குங்கள். கீறலுக்கு மட்டும் பெயின்ட் அடித்ததாக இருந்தால் பழையதும் பரவாயில்லை. கல்லும் பாறையுமான பாதைக்கு என் ஓட்டு எப்போதும் இரும்புக்குத்தான்.

படி 2: அளவு

ஜிப்ஸி, ஜிம்னி இரண்டுக்குமே ஐந்து ஓட்டை, பி.சி.டி. (நட்டு ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ. கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத்துக்கு மையம் வெர்னியரால் அளந்து 1.701-ஆல் பெருக்கினால் பி.சி.டி. கிடைக்கும். அளவு 82.1 மி.மீ. வந்தால் சரி.

பி.சி.டி. பொருந்திவிட்டது என்று பணத்தைக் கொடுத்துவிடவும் வேண்டாம். முன் ஹப் (ரிம் மாட்டும் நடுப்பகுதி) வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நடுத்துளை 108 மி.மீ. வேண்டும். அது சிறிதாக இருந்தால் ரிம் ஹப்பில் ஏறவே ஏறாது. ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்போடு ஒட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) பழைய ரிம்மோடு ஒத்திருக்கட்டும்.

படி 3: பழைய ரிம்மைச் சோதிப்பது

சென்னைப் புதுப்பேட்டையோ கோவை உக்கடமோ, பழைய சாமான் கடைக்குப் போகும்போது ஒரு காந்தம், ஒரு வயர் பிரஷ், ஒரு சின்ன ஸ்பேனர் எடுத்துப் போங்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போல ரிம்மைத் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். நல்ல ரிம் கணீரென்று ஒலிக்கும். சத்தம் மொத்தையாக வந்தால் எங்கோ விரிசலோ, விட்டுப்போன வெல்டோ இருக்கலாம். அப்புறம் டயர் உட்காரும் விளிம்பைச் சுற்றிக் காந்தத்தை நகர்த்துங்கள். துருக் குழியைப் பட்டி வைத்து மூடியிருந்தால் அந்த இடத்தில் பிடிமானம் குறையும். நான் பார்த்த எட்டு ரிம்மில் மூன்று இப்படித்தான் இருந்தன.

விரிசல் பெரும்பாலும் நட்டு ஓட்டையைச் சுற்றியும், காற்று ஓட்டைகளின் ஓரத்திலும், நடுத்தட்டு வளையத்தோடு சேரும் வெல்டிலும்தான் தொடங்கும். மூன்று டப்பாவாக வரும் விரிசல் காட்டும் ஸ்ப்ரே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயின்டைச் சுரண்டித் துடைத்து, சிவப்பை அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு வெள்ளையை அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு வெள்ளையில் ஊறி வரும். அப்படி வந்த ரிம்மைப் பேரமே பேசாமல் திருப்பிக் கொடுங்கள்.

பெண்டு எடுத்து வந்ததை ஹப்பில் மாட்டிச் சுற்றியும் பாருங்கள். ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் செங்கல்லில் கம்பி ஒன்றைக் கட்டி, விளிம்புக்கு அருகே நிறுத்தி, இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு போட்ட மெல்லிய தகடுகள்) அளக்கலாம். மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டம் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு முன் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 4: நட்டு உட்காரும் இடம்

என்னைச் சிக்க வைத்தது இதுதான். நல்ல ரிம்மாகத் தேடி எடுத்து, துரு நீக்கி, பவுடர் கோட்டிங் அடித்து மாட்டினேன். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால்தான் முடுக்கினேன். சுமார் 70 கிலோமீட்டர் தாண்டியதும் பின்னாலிருந்து கடகடவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டு கையாலேயே சுழன்றன.

பட்டறையில் நட்டு உட்காரும் கூம்புக் குழியிலும், ஹப்போடு ஒட்டும் பின்முகத்திலும் சேர்த்தே கோட்டிங் அடித்துவிட்டார்கள். ஒரு பூச்சே 60 முதல் 100 மைக்ரான் வரும். பிரைமரும் மேல்பூச்சும் சேர்ந்தால் இன்னும் தடிக்கும். ஓடும்போது சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தப் பூச்சு நசுங்கும். அது நசுங்க நசுங்க நட்டின் பிடி தளரும்.

கோட்டிங்குக்குக் கொடுக்கும்போதே அந்த இடங்களை மறைத்து அடிக்கச் சொல்லுங்கள். அடித்து வந்துவிட்டால் பெயின்ட் ரிமூவர் தடவி, கூம்புக்குள் விரலில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்து, வெறும் இரும்பு தெரியும்வரை எடுங்கள். கிரைண்டர் வைக்க வேண்டாம், கூம்பின் சாய்வு கெட்டுவிடும். நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கி, 50 கிலோமீட்டரில் ஒருமுறையும் 100-இல் ஒருமுறையும் சரிபாருங்கள். ஏர் கன்னை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

கூம்புக் குழி முட்டை வடிவமாக இழுபட்டிருந்தால் அந்த ரிம் பழைய இரும்புக் கடைக்குத்தான். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை.

படி 5: கணக்கு

பழைய ரிம் விலையோடு பெண்டு, துரு நீக்கல், கோட்டிங், பேலன்சிங், போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். புது இரும்பு ரிம் விலையில் 60 சதவீதத்தைத் தாண்டினால் புதிதே வாங்குவேன். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 9436 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். கடைசியில் நான் எடுத்தது முன்னால் இரண்டு புதிது. பின்னால் இரண்டும் ஸ்டெப்னியும் ரீகண்டிஷன். இன்னொரு வழியும் உண்டு: புது வண்டி வாங்கிய கையோடு அலாய்க்கு மாறுபவர்கள் கழற்றிப்போடும் கம்பெனி இரும்பு ரிம். கிடைத்தால் விடாதீர்கள்.

பின்சேர்க்கை: ட்யூப்லெஸ் டயர் போட்டும் காற்று நிற்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடையது ட்யூப் டயருக்கான பழைய ரிம். அதில் டயர் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுக்கும் மேடு இருக்காது. காற்றைக் குறைத்து ஓட்டுபவர்கள் அந்த ரிம்மில் ட்யூப்லெஸ் போடவே கூடாது.

இன்னொன்று: அலாய்க்கு மாறிய நண்பர் ஒருவருக்கு நட்டு நாலைந்து சுற்றுதான் ஏறியது. அலாயின் தடிமன் ஸ்டட்டை (நட்டு ஏறும் மரைக்கம்பியை) விழுங்கிவிட்டது. 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டு குறைந்தது 12 மி.மீ. ஆழம் பிடிக்க வேண்டும். 1.25 மி.மீ. பிட்ச்சுக்கு (மரைக்கு மரை இடைவெளி) அது ஏறக்குறைய 10 சுற்று. கையால் எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்றிய பிறகே வண்டியை எடுங்கள்.