கோகு ஏன் கையோகெனை விட்டான்? பதில் எழுதக் கிளம்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி, தான் எழுதியதைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தான். தலைப்பைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. "சூப்பர் சையன் ஆன பிறகு கோகு ஏன் கையோகெனைத் தொடவே இல்லை?" கோகு, டிராகன் பால் கதையின் நாயகன். கையோகென், பலத்தைச் சற்று நேரத்துக்குப் பெருக்கும் அவனது பழைய வித்தை. சூப்பர் சையன், தலைமுடி தங்கமாக மாறும் பிந்தைய உருவம். நானும் ஒருகாலத்தில் இதே தலைப்பில், இதே துள்ளலோடு எழுதியவன். அவன் இரண்டாம் பத்தியில் விழுந்த குழியும் நான் விழுந்த அதே குழிதான்.

இத்தனை பலசாலி, கையில் இருக்கும் அந்த ஒரு வித்தையை மட்டும் ஏன் எடுக்கவே மாட்டேன் என்கிறான்? அனிமே பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பதில் எழுதுவதும் சுலபம்போலத் தெரியும். பெயரைத் தப்பாக எழுதுவது, அத்தியாய எண்ணை மாற்றிப்போடுவது, கதையின் முடிவை முன்னறிவிப்பில்லாமல் போட்டு உடைப்பது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. படிப்பவர்களே திட்டித் திருத்திவிடுவார்கள். யாரும் திருத்தாமல் விட்டுவிடுகிற தவறுகள்தான் ஆபத்து.

"பயன்படுத்தவே இல்லை" என்பது உண்மையா?

ஜுஜுட்சு கைசென் என்ற கதையில் ஷிபுயா சண்டையின்போது கோஜோ, உள்ளே சிக்கியவர் மூளையைத் திணறடிக்கும் தன் எல்லையற்ற வெளி வித்தையை விரிக்கவே இல்லை என்று ஒரு பையன் என்னிடம் அரைமணி நேரம் வாதாடினான். விரித்தான். 0.2 விநாடி மட்டும். ரயில் நிலையம் முழுக்கச் சாதாரண ஜனங்கள். அவர்கள் மூளை எவ்வளவு தாங்கும் என்று மனக்கணக்குப் போட்டு, கண் இமைக்கும் நேரத்துக்குத் திறந்து மூடிவிடுகிறான். பிறகு எல்லோரும் உறைந்து நிற்க, எதிரிகளால் அரக்கர்களாக உருமாற்றப்பட்ட ஆயிரம் பேர்வரை 299 விநாடியில் முடிக்கிறான். அந்தக் காட்சியை விட்டுவிட்டு "கோஜோவுக்குத் தலைக்கனம், அதனால்தான் எடுக்கவில்லை" என்று எழுதினால் என்ன சொல்வது?

கையோகென் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். ஆசிரியர் தோரியாமாவின் மூல மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை) நமேக் கிரகச் சண்டைக்குப் பிறகு கோகு அதை எடுப்பதில்லை. ஆனால் தொலைக்காட்சித் தொடரில், 1993-இல் வந்த, மங்காவில் இல்லாத மறுவுலகப் போட்டியில், பிக்கான் என்ற வீரனோடு மோதும்போது சூப்பர் சையனாக இருந்துகொண்டே எடுக்கிறான். பின்னால் வந்த டிராகன் பால் சூப்பர் அனிமேயில் ஹிட் என்ற எதிரியோடு சண்டையிடும்போது, சூப்பர் சையனுக்கும் மேலான நீல உருவத்தின்மேல் பத்து மடங்கு கையோகெனை ஏற்றுகிறான். அதே கட்டத்தை ஓவியர் தொயொதாரோ மங்காவாக வரைந்தபோது கையோகெனே வருவதில்லை. ஆக, "எடுக்கவே இல்லை" என்று எழுதுவதற்கு முன்னால் எந்த கோகுவைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். போடாவிட்டால் நான்கு கோகுகளையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டிவிடுவீர்கள்.

பெருக்கல் வாய்ப்பாடு

"சூப்பர் சையன் 50 மடங்கு, கையோகென் அதிகபட்சம் 20 மடங்கு. பெரியது கிடைத்த பிறகு சிறியது எதற்கு?" தம்பியின் முதல் பத்தி இதுதான். 50 என்ற எண் டைசென்ஷூ என்ற அதிகாரபூர்வக் கையேட்டில் இருக்கிறது, 20 நமேக்கில் வில்லன் ஃப்ரீசாவோடு நடந்த சண்டையில் இருக்கிறது. எண்கள் சரி, பதில்தான் தப்பு. ஐம்பதுக்குப் பதிலாக இருபது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஐம்பதின்மேல் ஒரு இரண்டைப் போட்டு நூறாக்கியிருக்கலாமே என்பதுதான் கேள்வி. பின்னால் வரும் வில்லன் செல் எதிரே நிற்கும்போது அந்த நூறு உதவியிருக்காதா?

பின்னால் வந்த பதிலை முன்னால் கொண்டுபோய் ஒட்டுவது

இதைத்தான் உட்கார்ந்து பேச வேண்டும். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம், எனக்கே இது காசுச் செலவு வைத்தது.

2018-இல் ஒரு கல்லூரி விழாவில் அனிமே பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நண்பர்கள் நாலு பேர் காசு போட்டு 24 பக்கத்தில் ஒரு சிறு கையேடும் அச்சடித்தோம், 200 பிரதி. அதில் 14-ஆம் பக்கம் என்னுடையது: கோகு ஏன் கையோகெனை விட்டான். பதிலும் கைவசம் இருந்தது. சூப்பர் சையன் நிலையில் உடம்பின் சக்தி கொந்தளிப்பாக இருக்கும், அதன்மேல் கையோகெனை ஏற்றினால் கட்டுக்குள் நிற்காது. நீல உருவத்தில் சக்தி அமைதியாக, முழுக் கட்டுப்பாட்டில் இருப்பதால்தான் அங்கே இரண்டும் ஒட்டுகின்றன. டிராகன் பால் சூப்பர் அனிமேயில் ஹிட் சண்டைக் கட்டத்தில் இப்படித்தான் விளக்குகிறார்கள். நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. மேடையில் இருபது நிமிடம் கை ஆட்டிப் பேசினேன். கைதட்டலும் கிடைத்தது.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து பத்தாவது படிக்கிற ஒரு பெண் எழுந்தாள்.

"அண்ணா, நீங்க சொன்ன பதில் 2016-ல வந்ததுதானே?"

"ஆமாம்மா."

"கோகு சூப்பர் சையன் ஆனது 1991-ல. அப்போ படிச்சவங்களுக்கு என்ன பதில்?"

"அப்போதும் அதேதான் காரணம். சொல்லாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்" என்றேன்.

"மங்காவுல எந்தப் பக்கத்துல அண்ணா அது தெரியுது?"

நான் தண்ணீர் குடித்தேன். அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு நாற்பது பிரதி விற்றது. மீதி என் வீட்டுப் பரணில்.

வீட்டுக்கு வந்து நமேக்கிலிருந்து செல் போட்டிவரை மறுபடி படித்தேன், இரண்டு வாரம். நான் மேடையில் சொன்ன பதில் அந்தப் பக்கங்கள் எதிலும் இல்லை. எரிச்சல் அதில் இல்லை. அந்தப் பக்கங்களிலேயே வேறொரு பதில் இருந்தது, அதுவும் என்னுடையதைவிட நல்ல பதில். 25 வருடம் கழித்து வந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததால் என் கண்ணில் அது படவே இல்லை.

முதலில், பூமிக்கு வந்த எதிரி வெஜீட்டாவோடு நடந்த சண்டையைப் பாருங்கள். கையோகென் என்பது பலம், வேகம், தாங்கும் திறன் எல்லாவற்றையும் சற்று நேரத்துக்குப் பெருக்கிவிடுகிற வித்தை. இரண்டு மடங்குக்குமேல் போகாதே என்பது அதைக் கற்றுக்கொடுத்த கிங் காயின் எச்சரிக்கை. கோகு மூன்றுக்குப் போகிறான், வெஜீட்டா பூமியையே அழிக்க வரும்போது நான்கு மடங்கில் கமேஹமே என்ற சக்திக்கதிரை விடுகிறான். வெஜீட்டா வானத்தில் போய்ச் சொருகுகிறான். சண்டை முடிந்தது என்று நினைத்து மறைந்திருந்த யாஜிரோபே ஓடிவருகிறான், பாராட்டும் விதமாகக் கோகுவைத் தட்டுகிறான். கோகு அலறுகிறான். எதிரியின் அடிக்கெல்லாம் பல்லைக் கடித்து நின்றவன், நண்பன் தட்டியதற்கு அலறுகிறான். கையோகெனின் விலை என்ன என்று தோரியாமா அந்த ஒரு தட்டில் சொல்லிவிட்டார். உடம்புதான் விலை.

அடுத்து நமேக். ஃப்ரீசாவின் படைத்தலைவன் கேப்டன் கின்யு முன்னால் பலத்தை அளக்கும் கருவி 180000 காட்டுகிறது, அதுவும் கையோகென்தான். அதன்பின் ஃப்ரீசாவிடம் பத்து மடங்கு, அதுவும் போதாமல் இருபது மடங்கில் ஒரு கமேஹமே. ஃப்ரீசா அதை ஒற்றைக் கையால் தாங்கிவிடுகிறான். வலித்தது, அவ்வளவுதான். உடம்பை அடகு வைத்து வாங்கிய இருபது மடங்கு அங்கேயே மூழ்கிப்போகிறது. நண்பன் கிரில்லினின் சாவும் தங்கத் தலைமுடியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இதற்கு அடுத்துவரும் கட்டத்தைத்தான் பெரும்பாலானோர் தாண்டி ஓடிவிடுகிறார்கள். செல் போட்டிக்கு முன்னால் கோகுவும் மகன் கோஹானும் ஆன்ம-கால அறைக்குள் போகிறார்கள். வெளியே ஒரு நாள், உள்ளே ஒரு வருடம். அங்கே கோகு சூப்பர் சையனை இன்னும் ஊதிப் பெருக்கிப் பார்க்கிறான். தசை வீங்குகிறது, பலம் கூடுகிறது. ஆனால் வேகம் போய்விடுகிறது, சக்தி கண்டபடி கரைகிறது. சரிப்படாது என்று அதை விட்டுவிட்டு மகனிடம் அவன் சொல்வதன் சாரம் இது: சாதாரணச் சூப்பர் சையன்தான் எல்லாவற்றிலும் சமநிலையானது, முதலில் அது உடம்புக்குப் பழக வேண்டும், அதில் வரும் படபடப்பு அடங்க வேண்டும். இருவரும் தங்க முடியோடே வெளியே வருகிறார்கள், அப்படியே நாள்களைக் கழிக்கிறார்கள்.

இப்போது கையோகெனை அங்கே வைத்துப் பாருங்கள். சற்று நேரத்துக்குப் பெருக்கம், அதற்கு உடம்பு விலை. கோகு அறைக்குள் சோதித்து வேண்டாம் என்று தள்ளிய சரக்கும் இதே வகைதான். அவன் போன திசையே வேறு. பலத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகச் செலவைக் குறைக்கப் பார்த்தான். கையோகெனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே அது ஏன் திரும்பி வரவில்லை என்பதை 1992-இன் அந்த அத்தியாயங்கள் காட்டிவிடுகின்றன. இது என் ஊகம்தான், தோரியாமா சொன்னதாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் மறுபடி வந்து "எந்தப் பக்கத்துல அண்ணா" என்று கேட்டால் புத்தகத்தைத் திறந்து காட்ட முடியும்.

பின்னால் வந்த பதில் பொய் என்கிறேனா? இல்லை. அந்த அனிமேயைப் பற்றி எழுதும்போது அது நல்ல பதில்தான். பத்துக்கு ஒன்றுகூட வெற்றி வாய்ப்பில்லாத சூதாட்டம் என்று அங்கேயே சொல்கிறார்கள், பிறகு சில அத்தியாயங்களுக்குக் கோகுவின் சக்தி கட்டுப்பாடில்லாமல் தடுமாறுகிறது. விலை அங்கேயும் இருக்கிறது. ஆனால் அதைப் பழைய மங்காவுக்கும் சேர்த்து ஒட்டினால் பிக்கான் சண்டை இடிக்கும். அதில்தான் சூப்பர் சையனாகவே கையோகென் எடுத்துவிட்டானே! அதை மறைக்க இன்னொரு விளக்கம், அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று. என் 14-ஆம் பக்கத்தில் அப்படி மூன்று முட்டு இருந்தன. தம்பியுடையதில் ஐந்து.

ஆகவே, ஒவ்வொரு காட்சிக்குப் பக்கத்திலும் அது வெளிவந்த வருடத்தைப் பென்சிலில் குறித்துக்கொண்டு எழுதுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

"ஆசிரியர் மறந்துவிட்டார்"

லஞ்ச் என்ற பாத்திரத்தை மறந்தேபோய்விட்டதாகத் தோரியாமாவே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் இதையே எழுதுகிறவர்கள் படிக்கச் சோம்பல்பட்டவர்கள்.

நிபந்தனையைப் படிக்காமல் ஓடுவது

ஹன்டர் × ஹன்டரில் குராபிகா தன் சிறைச் சங்கிலியைக் கண்டவர்மேலும் வீசாததற்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. மாயக்கூட்டம் என்ற கொள்ளைக் கும்பலைச் சேராத ஒருவர்மேல் அதைப் போட்டால் அவனே செத்துப்போவான். தன் இதயத்தில் தானே அப்படிப் பூட்டுப் போட்டுக்கொண்டவன். அந்தப் பூட்டுதான் சங்கிலிக்கே பலம்.

நருடோவில் இதே தவறு கொஞ்சம் நாசூக்காக நடக்கும். "இட்டாச்சி கையில், பிறர் மனதை மாற்றும் ஷிசுயியின் கண் இருந்தது. தன் தம்பி சசுகேவோடு மோதும்போது அதைக் காட்டி அவன் மனதை மாற்றியிருக்கலாமே?" என்று கேட்பார்கள். அந்தச் சண்டைக்கு முன்பே அந்தக் கண்ணை ஒரு காகத்துக்குள் வைத்து, காகத்தை நருடோவுக்குள் இறக்கிவிட்டான் இட்டாச்சி. மாங்கேக்யோ என்ற தன் விசேஷக் கண் எதிரே வந்தால் தானாக வேலை செய்யும்படி ஏற்பாடு. என்றைக்காவது தன் கண்ணைப் பொருத்திக்கொண்டு சசுகே கிராமத்தை அழிக்க வந்தால் தடுக்கத்தான் இந்தப் பொறி. கடைசியில் எதிரி கபுடோ உயிர்ப்பித்து அனுப்பிய இட்டாச்சியே நருடோ எதிரில் வந்து நிற்க, பொறி அவன்மேலேயே பாய்ந்து அவனைக் கபுடோவின் பிடியிலிருந்து விடுவித்தது. பத்து வருடத்துக்குமேல் போனால்தான் மறுபடி பயன்படும் என்பதால் அந்தக் கண்ணை அமதெராசு என்ற கருந்தீயால் எரித்தும் விட்டான். எங்கே வைத்திருக்கிறான், எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டையும் பார்த்திருந்தால் கேள்வியே வந்திருக்காது.

"அவன் நல்லவன், அதனால் எடுக்கவில்லை"

பக்கம் காட்டுங்கள்.

"எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்"

எல்லோருக்கும் தெரியும், இதற்கு ஒரு கட்டுரை எதற்கு?

கையேடு பற்றி

தம்பிக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். ஐந்து முட்டில் நாலை எடுத்துவிட்டான். ஐந்தாவதை மட்டும் விட மனசில்லை போல, "அது நல்லா இருக்கே அண்ணா" என்றான். சரி, அவனும் ஒரு மேடை ஏறட்டும். பழைய கையேட்டைப் படித்துப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறான். பரணில் 160 இருக்கிறது. 14-ஆம் பக்கத்தைக் கிழித்துவிட்டு ஒன்றை அனுப்பிவைக்க வேண்டும்.