நிறமாலையில் ஒரு பள்ளம்: வெண்குறுமீன் எப்படி வெடித்தது என்று நாமே அளந்து பார்க்கலாம்

சூரியனைப் போன்ற விண்மீன் எரிபொருள் தீர்ந்து அடங்கியபின் மிஞ்சும் கருதான் வெண்குறுமீன். கார்பனும் ஆக்சிஜனும் பூமியளவு உருண்டைக்குள் நெருக்கித் திணிந்திருக்கும். துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்தோ, இன்னொரு வெண்குறுமீனோடு மோதியோ அது வெடிக்கும்போது 1ஏ வகை சூப்பர்நோவா என்கிறோம். வெடிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. தீ எங்கே பற்றி எப்படிப் பரவியது என்பதில்தான் வழக்கு இன்னும் தீரவில்லை.

அதற்கான சாட்சி நிறமாலை, அதாவது வந்த ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு. அதை நீங்களே படிக்கலாம். ஒரு கணினியும் எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளும் இருந்தால் போதும், தொலைநோக்கி தேவையில்லை.

படி 1: தரவை எடுங்கள்

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் நடத்தும் வைஸ்ரெப் என்ற இணையக் காப்பகத்தில் 2011எஃப்இ என்று தேடுங்கள். எம்101 என்ற விண்மீன் மண்டலத்தில், சுமார் 2.1 கோடி ஒளியாண்டு தொலைவில், 2011 ஆகஸ்ட் 24 அன்று பிடிபட்ட சூப்பர்நோவா இது. வெடித்துச் சில மணி நேரத்திலேயே கண்ணில் பட்டுவிட்டதால் இதன் நிறமாலைகள் முதல் நாள் தொட்டே இருக்கின்றன. கற்றுக்கொள்ள இதைவிட நல்லது கிடையாது. செப்டம்பர் 10-ஐ ஒட்டிய கோப்பு ஒன்றை எடுங்கள், அப்போதுதான் அது உச்ச ஒளியில் இருந்தது. கோப்பில் முதல் நிரல் அலைநீளம் (ஆங்ஸ்ட்ராமில், அதாவது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கில்), இரண்டாவது ஒளியின் அளவு.

படி 2: வரைபடம் போடுங்கள்

அலைநீளம் கிடையாக, ஒளி செங்குத்தாக. சூரிய நிறமாலையில் பார்த்த ஊசிக்கோடுகளை இங்கே தேடாதீர்கள். அகலமான மேடும் பள்ளமுமாக ஒரு மலைத்தொடர்போல இருக்கும். வெளியே பாயும் வாயு அடுக்குக்கு அடுக்கு வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால் கோடுகள் இழுபட்டுப் பட்டையாகிவிடுகின்றன.

படி 3: மண்டலத்தின் ஓட்டத்தைக் கழியுங்கள்

எல்லா அலைநீளத்தையும் 1.0008 ஆல் வகுங்கள். எம்101-இன் செம்பெயர்ச்சி, அதாவது அது நம்மைவிட்டு விலகுவதால் அலைநீளம் நீளும் அளவு, அவ்வளவுதான். வேறு சூப்பர்நோவாவுக்கு வேறு எண்.

படி 4: சிலிக்கனைப் பிடியுங்கள்

6100-க்கும் 6200-க்கும் நடுவே ஆழமான பள்ளம் ஒன்று தெரியும். முதன்முதலில் பார்த்தபோது நான் அதை ஹைட்ரஜன் என்று எழுதி வைத்துவிட்டேன். 6563-இல் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு, வேகத்தால் நீலப் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது என்று கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கோடு நகர்ந்தால் அதே தனிமத்தின் மற்றக் கோடுகளும் அதே விகிதத்தில் நகர வேண்டுமே? 4861-இல் உள்ள அடுத்த ஹைட்ரஜன் கோடு 4540 பக்கம் வந்திருக்க வேண்டும். அதற்கு ஏற்ற பள்ளம் அங்கே இல்லை.

அது 6355 ஆங்ஸ்ட்ராமில் பிறந்த சிலிக்கன் கோடு. 5300, 5450 அருகே இரண்டு குழிகள் ஆங்கில 'டபிள்யூ' எழுத்துப்போல நிற்கின்றனவா? அது கந்தகம், கிட்டத்தட்ட அதே வேகத்தில் வருகிறது. இந்த இரண்டும் இருந்து ஹைட்ரஜன் இல்லாவிட்டால் 1ஏ வகை என்று சொல்லிவிடலாம்.

படி 5: வேகத்தை அளவிடுங்கள்

பள்ளத்தின் அடிமட்டம் எந்த அலைநீளத்தில் என்று குறியுங்கள். 6133 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் 3,00,000 என்பது ஒளி ஒரு விநாடியில் போகும் கிலோமீட்டர்.

(6355 − 6133) ÷ 6355 × 3,00,000 = சுமார் 10,500

விநாடிக்கு 10,500 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்ற நாலு விநாடிகூட ஆகாது. அடிமட்டத்தைக் குறிப்பதில் 5 ஆங்ஸ்ட்ராம் பிசகினால் விடை 240 கிலோமீட்டர் போல மாறும், கவலை வேண்டாம்.

படி 6: நாட்களை வரிசைப்படுத்துங்கள்

இதே அளவை முந்தைய கோப்புகளிலும் எடுங்கள். முதல் நாட்களில் வேகம் 15,000-ஐத் தாண்டும், அப்புறம் குறையும். வாயுவுக்கு யாரும் பிரேக் போடவில்லை. மேலடுக்கு விரிந்து மெலியும்போது நம் பார்வை உள்ளே இறங்குகிறது, உள்ளடுக்கு மெதுவாகப் போகிறது. ஆகவே வேகம் என்பது ஆழத்தைக் காட்டும் அளவுகோல். எந்தத் தனிமம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்ற வரைபடம் இப்போது உங்கள் கையில்.

படி 7: தீயின் போக்கைப் படியுங்கள்

கார்பன் எரிந்தால் என்ன ஆகும் என்பது அடர்த்தியைப் பொறுத்தது. நெருக்கமான இடத்தில் முழுதாக எரிந்து நிக்கல்-56 என்ற கதிரியக்க நிக்கல் ஆகிறது. அடர்த்தி குறைந்த இடத்தில் பாதியில் நின்று சிலிக்கன், கந்தகம், கால்சியம் என அரைவேக்காடாகிறது. விளிம்பில் கார்பன் அப்படியே மிஞ்சலாம். 2011எஃப்இ-யின் தொடக்க நாட்களில் சிலிக்கன் பள்ளத்தின் சிவப்புப் பக்கம், 6300-ஐ ஒட்டி, அந்தக் கார்பனின் சின்னக் குழியைக் காணலாம்.

ஒலியை முந்தும் வெடியலை எடுத்த எடுப்பிலேயே அடர்ந்த விண்மீனுக்குள் பாய்ந்திருந்தால் ஏறக்குறைய எல்லாமே நிக்கலாகியிருக்கும், நாம் அளந்த சிலிக்கனுக்கு இடமில்லை. ஒலியைவிட மெதுவான தீ மட்டும் என்றால் எரியாத கார்பன் நடுவரை கலந்து கிடக்க வேண்டும். அதனால்தான் முதலில் மெல்லிய தீ விண்மீனை விரியச் செய்து, பிறகு வெடியலையாக மாறியது என்ற விளக்கம் வந்தது. மேலே படிந்த ஹீலியம் முதலில் வெடித்து, அதன் அதிர்ச்சி உள்ளே போய்க் கருவை வெடிக்க வைத்தது என்பது போட்டி விளக்கம். இது கனம் குறைந்த வெண்குறுமீனிலும் நடக்கும். சிலிக்கன் பள்ளத்தை மட்டும் வைத்து இந்த இரண்டில் எது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

படி 8: இருநூறு நாள் கழித்து வாருங்கள்

இப்போது வெடிப்பின் மிச்சம் கண்ணாடிபோல ஆகியிருக்கும், நடுப்பகுதியே தெரியும். பள்ளங்கள் போய் முகடுகள் நிற்கும். 4700 பக்கம் இரும்பு, 5890 பக்கம் நிக்கல்-56 சிதைந்து வந்த கோபால்ட். இந்தக் கோபால்ட்-56-இன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 77 நாள். அது இரும்பாக மாறுவதால் அடுத்தடுத்த கோப்புகளில் அந்த முகடு இரும்பின் முகட்டோடு ஒப்பிடத் தாழ்ந்துகொண்டே போகும்.

7378 அருகே நிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்தில் 7155-இல் இரும்பும் 7300-இல் கால்சியமும் நெருக்கியடிப்பதால் பிரிப்பது சிரமம்தான். ஆனால் பரிசு பெரிது. நிக்கல்-56-இன் அரைவாழ்வு ஆறே நாள், இருநூறு நாளில் சுமார் 800 கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படியும் நிக்கல் தெரிந்தால் அது சிதையாத வேறு நிக்கல். அது நிறைய உருவாக மிக அடர்ந்த மையம் வேண்டும், அதாவது ஒரு வெண்குறுமீன் தாங்கக்கூடிய உச்ச நிறையை (சந்திரசேகர் எல்லை, சூரியனைப்போல் 1.4 மடங்கு) நெருங்கிய வெண்குறுமீன் வேண்டும். கனம் குறைந்தது வெடித்திருந்தால் அந்த முகடு சிறுத்திருக்கும்.