இளம்பிள்ளைக்குக் கல்வெட்டு எழுதுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டுமல்ல. ஒருவர் இறந்த 31ஆம் நாள், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலருக்கும் அதுதான் பெயர். நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. ஊரில் பலருக்குக் கல்வெட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் வாழ்ந்து முடித்தவர்கள். 2024 ஜனவரி 7, ஞாயிறு மாலை, கரப்பந்து விளையாடிக்கொண்டிருந்த என் பெறாமகன் திடலிலேயே விழுந்தான். வயது 27. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இதயம் நின்றுவிட்டது. அக்காவின் பிள்ளைக்கு நானே எழுத உட்கார்ந்தபோதுதான், எனக்குத் தெரிந்த முறை எதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை என்று கண்டேன். இந்த வேலை கையில் விழுந்துவிட்ட யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் எட்டு நாளும் யாரையும் எதுவும் கேட்காதீர்கள். எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடியட்டும். திடீர் மரண விசாரணை, மரணப் பதிவு என்று வீட்டு ஆண்கள் அலைகிற நாட்கள் அவை. ஆனால் ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது: அவனுடைய கைத்தொலைபேசி. அதை அணைத்து அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். பெற்றோரின் சம்மதத்தோடு, விபரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு, படங்களையும் குரல் பதிவுகளையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். நெடுநாள் பணம் போடாமல் விட்டால் அந்த இலக்கம் வேறொருவருக்குப் போய்விடும். எங்கள் பிள்ளையின் குரலில் மிஞ்சியது எட்டு வினாடிப் பதிவு ஒன்று: ‘அம்மா, பாண் எத்தனை இறாத்தல் வேண்டும்?’ அக்காவுக்கு அது போதாதுதான். ஆனாலும் அது இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். இதுதான் முழு வேலையிலும் பெரிய வேலை. நாட்களில் பாதியை இதற்கே கொடுங்கள். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘தங்கமான பிள்ளை’ என்பார்கள், அதோடு அழுதுவிடுவார்கள். ‘கடைசியாக எங்கே கண்டீர்கள்? கையில் என்ன வைத்திருந்தான்? உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவான்?’ என்று கேளுங்கள். சைக்கிள் கடைக்காரரிடம் அப்படிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, ‘தன்னுடைய சைக்கிளை விடப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் சைக்கிளுக்குத்தான் தம்பி அதிகம் காற்றடிக்க வருவார்’ என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கே அது தெரியாது. தன் சைக்கிளுக்குக் காற்றே இறங்குவதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவனோடு விளையாடிய பையன்கள் வீட்டுப் படலைவரை வந்து, உள்ளே வராமல் நின்றார்கள். அவர்களைத் திடலுக்கே கூட்டிக்கொண்டு போனேன். வலையின் ஒரு பக்கக் கயிறு பனைமரத்தில் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, நடுவில் ஒரு சுருக்கு, நுனியை உள்ளே செருகி இறுக்கிய முடிச்சு. அவன் போட்டது. வேறு யாருக்கும் அதை அவிழ்க்கத் தெரியாதாம். அவன் மட்டும் ஒரு இழுப்பில் அவிழ்ப்பானாம். அன்றைக்கு மறுபக்கக் கயிற்றை மட்டும் கழற்றி, வலையைச் சுருட்டி, இந்த முடிச்சின் கீழேயே தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பையன் அதைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். அந்த முடிச்சைப் படம் பிடித்து உள்ளட்டையில் போட்டோம்.

இவ்வளவு பாடு ஏன் என்று கேட்கலாம். 1987இல் என் தகப்பனாருக்கு அச்சடித்த கல்வெட்டு என்னிடம் இருக்கிறது. பண்பாளர், கொடையாளர், எல்லாருக்கும் இனியவர் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. என் ஐயா அதில் இல்லை. அப்போது அது குறையாகத் தெரியவில்லை. அவரைப் பற்றிச் சொல்ல எழுபது வருடச் சனம் உயிரோடு இருந்தது. பிறகு 1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் எங்கள் வலிகாமம் பகுதியே இடம்பெயர்ந்து நடந்தது. படங்களும் கடிதங்களும் வீட்டோடு போயின. சொல்லக்கூடியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கையில் மிஞ்சியது வெறும் புகழுரை. 27 வயதுப் பிள்ளைக்கு உத்தியோகப் பட்டியல் இல்லை, பேரப்பிள்ளைகள் இல்லை. அவனுக்கு இருப்பது இந்தச் சின்ன விஷயங்கள்தான். அவற்றையும் எழுதாமல் விட்டால் வேறென்ன இருக்கிறது?

இனி ஒழுங்கு. வழமைப்படி முன்னால் பஞ்சபுராணம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம். அதில் கை வைக்க வேண்டாம். அடுத்தது, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா. வருடாவருடம் திவசம் செய்வது திதியை வைத்துத்தான் என்பதால், வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி நான்கும் பிழையில்லாமல் அமைய வேண்டும். 2024 என்றவுடன் குரோதி என்று எழுதிவிடக் கூடாது. குரோதி அந்தச் சித்திரையில்தான் பிறந்தது. அவன் போனது சோபகிருது வருடம், மார்கழி, அபரபக்க ஏகாதசி. உயிர் பிரிந்த நேரத்தைச் சொல்லி ஐயரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெண்பா எழுதத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். தளை தட்டும் வெண்பாவை விட, உரைநடையில் நேராக எழுதிய நான்கு வரி மேல்.

புலம்பலில்தான் கவனம் வேண்டும். பெயரை மட்டும் மாற்றிப் போடக்கூடிய ஆயத்தப் பாட்டுகள் அச்சகங்களில் கிடைக்கும். வாங்காதீர்கள். தாயிடம் ஒரே ஒரு வசனம் கேளுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், அழகுபடுத்தாதீர்கள். அக்கா சொன்னது: ‘நான் கோபமாக இருந்தால் அவன் சட்டியில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தின்பான், நான் சிரிக்கும்வரை.’ ஒரு பக்கம் முழுவதும் அந்த ஒரு வசனம்தான்.

வம்சாவளி வரையும்போது மணமாகாத பிள்ளையின் பெயருக்குக் கீழே கோடு நின்றுவிடும். அதைப் பார்க்கத் தாய்க்குத் தாங்காது. நாங்கள் அவனை மாமா என்றும் சித்தப்பா என்றும் கூப்பிட்ட சின்னப்பிள்ளைகள் ஒன்பது பேரையும் அவன் பெயரைச் சுற்றி எழுதினோம். முறைக்கு அது சரியா என்று ஒரு பெரியவர் கேட்டார். சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவன் மனதில் ஒரு பெண்பிள்ளை இருந்திருக்கலாம். வீட்டுக்குத் தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அவளைத் தேடிப்போய் யார் முன்னாலும் நிறுத்தாதீர்கள். நம்பிக்கையான ஒரு தோழி வழியாகக் கேளுங்கள். எழுத விரும்பினால் எழுதட்டும், பெயர் போடச் சொன்னால் மட்டும் போடுங்கள். எங்களுக்கு மூன்று வரி வந்தது. ‘ஒரு தோழி’ என்று அச்சிட்டோம்.

மரணத்தின் காரணத்தை ஒரே வரியில் நேராக எழுதுங்கள். எழுதாமல் விட்ட இடத்தில் ஊர் தானாக ஒன்றை எழுதிவிடும். அடையாள அட்டை இலக்கம், கடன் கணக்கு, பெட்டியில் கிடத்திய படம், இவை வேண்டாம்.

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொன்னால் தரம் குறைந்து வரும். அச்சில் முகம் கலங்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் தைக்கும் மலருக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் ஒப்புநோக்கட்டும். அழுத கண்ணுக்கு எழுத்துப்பிழை தெரியாது. 22ஆம் நாளுக்குள் அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள். உறவுக்குக் கொடுத்தது போக, அவன் படித்த பள்ளிக்கு ஒன்று, ஊர் வாசிகசாலைக்கு ஒன்று, ‘நூலகம்’ என்ற இணைய ஆவணகத்துக்கு ஒன்று. வீடு எரிந்தாலும் இடம்பெயர்ந்தாலும் எங்காவது ஒரு பிரதி கிடக்கும்.

எங்கள் மலர் 24 பக்கம். எழுதியது 22 பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டிலும் கோயில் படம் போடலாம் என்றார் அச்சகக்காரர். வேண்டாம், வெறுமையாக விடுங்கள் என்றேன். அக்காவின் பிரதி விறாந்தை மேசையில் கிடக்கிறது, முதுகில் நூல் கட்டி ஒரு பென்சிலோடு. ஒரு வருடம் முடிந்து செய்த ஆட்டைத் திவசத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று எழுதினார்கள். போன மாதம் வந்த பாண்காரர் எழுதத் தெரியாது என்று சொல்லி என்னிடம் சொன்னார், நான் எழுதினேன்: ‘மிச்சச் சில்லறையை எண்ணாமல் வாங்குவார். ஒருநாள் மட்டும் எண்ணினார். நான் கூடக் கொடுத்துவிட்டேனாம்.’