டெல்டாவில் குடியேறப் போகிறீர்களா? தை மாதத்தில் ஊர் பார்க்காதீர்கள்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் சொன்னதும் சென்னையைக் காலி செய்துவிட்டு நாங்கள் கும்பகோணத்துக்கு வந்தோம். முடிவெடுத்தது ஒரு பொங்கல் விடுமுறையில். சம்பா அறுப்புக்குத் தயாராக நிற்கிறது, காலையில் லேசான பனி, வாய்க்காலில் தண்ணீர், கையில் டபரா காபி. இப்படி ஒரு நிலையில் யாரிடம் கேட்டாலும் "இங்கேயே இருந்துடலாமே" என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன். அதுதான் முதல் தவறு. எனக்குத் தெரிந்து இப்படி வந்த மூன்று குடும்பமும் தை மாதத்தில்தான் ஊர் பார்த்தன.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். பொங்கலுக்கு வருகிறவர் பார்ப்பது அந்தக் கணக்கின் கடைசி இரண்டு வாரத்தை. அதற்கப்புறம் நாலரை மாதம் ஆற்றில் மணல்தான். அதுவும் அணை நேரத்துக்குத் திறந்தால். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். "காவிரிக்கரை வீடு" என்று கூடுதல் வாடகை கேட்டால், பங்குனியில் அந்த ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். குட்டைகளில் தேங்கிய தண்ணீரும் கொசுவும் அப்போதுதான் கண்ணில் படும்.

பங்குனியைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஐப்பசிதான் பரீட்சை. நாங்கள் பிடித்த வீடு ஊருக்கு வெளியே ஒரு புது நகரில். அகலமான தெரு, இரண்டு படுக்கையறை, சென்னையில் கொடுத்ததில் பாதிகூட வாடகை இல்லை. வடகிழக்குப் பருவமழை மூன்று நாள் விடாமல் பெய்ததும் தெரு எது, காலி மனை எது என்று தெரியவில்லை. நாலாம் நாள் தண்ணீர் வராந்தாவில் ஏறியது. பக்கத்து வீட்டு அம்மா நிதானமாகச் சொன்னார்: "இது வயல்தானே தம்பி. தண்ணி அது எடத்துக்கு அது வருது." மனை போட்டவர் வயலை மண் கொட்டி உயர்த்தியிருந்தார், வடிகால் வாய்க்காலையும் சேர்த்து மூடியிருந்தார். எங்களிடம் வீடு காட்டிய புரோக்கர் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்த இடம் முன்னால் என்னவாக இருந்தது, அவ்வளவுதான். நகருக்கு யாரோ ஒரு தலைவரின் பெயர் இருக்கும். பக்கத்து டீக்கடையில் கேட்டால் பழைய பெயரைச் சொல்வார்கள். அதில் குளமோ பள்ளமோ இருந்தால் யோசியுங்கள். காம்பவுண்ட் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாக ஒரு கறை ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய டெல்டாவில் பெரும்பாலும் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் சரியாகப் போடாத வீட்டில் சுவர் மூலையில் சாய்வாக விரிசல் இருக்கும், கதவு சட்டத்தில் இடிக்கும். வீடு பார்க்கும்போது எல்லாக் கதவையும் ஒருமுறை சாத்திப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. ஓனர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

தஞ்சாவூரில் இந்த விஷயம் கொஞ்சம் வேறு. கல்லணைக் கால்வாயை அங்கே புதாறு என்பார்கள். அதைத் தாண்டி மெடிக்கல் காலேஜ், வல்லம் பக்கம் போகப் போக நிலம் மேடு, மண் சிவப்பு. அங்கே வெள்ளக் கவலை குறைவு. கோடையில் போர் தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே ஊருக்குள்ளேயே இரண்டு விதமான கவலை.

டெல்டா என்று மொத்தமாக ஒரே ஊர் போல நினைப்பது அடுத்த தவறு. பிழைப்பு என்று பார்த்தால் இங்கே ஊருக்கு ஊர் மாறும். திருச்சியில் பெல் தொழிற்சாலையும் அதை நம்பிய சிறு பட்டறைகளும், என்ஐடி, ஐஐஎம், நவல்பட்டில் ஐடி பூங்கா, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் என்று பல கால்கள். தஞ்சாவூர் நிற்பது படிப்பிலும் மருத்துவத்திலும்: மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம், சாஸ்த்ரா, தனியார் மருத்துவமனைகள். 2024-ல் சின்னதாக ஒரு டைடல் பூங்காவும் திறந்திருக்கிறார்கள். கும்பகோணம் வியாபார ஊர்; பாத்திரம், பட்டு, வெற்றிலை, கோயிலுக்கு வருகிற கூட்டம். 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கிக்கு இன்றும் தலைமையகம் அங்கேதான். திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம், அரசு மருத்துவக் கல்லூரி, கலெக்டர் ஆபீஸ் என்று அரசாங்கத்தைச் சார்ந்த வேலைகள்தான் முக்கியம்.

ஆகவே ஊர் தேடும்போது "இந்த வேலை இந்த ஊரில் இருக்கிறதா" என்று பார்த்தால் போதாது. இந்த வேலை போனால் அடுத்தது எங்கே, வீட்டில் இன்னொருவருக்கு வேலை எங்கே என்றும் பார்க்க வேண்டும். நான் கோட்டை விட்டது இதில்தான். எனக்கு லேப்டாப் இருந்தால் போதும்; என் மனைவி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். கும்பகோணத்தில் நாலு மாதம் தேடியும் சரியாக அமையவில்லை. கடைசியில் தஞ்சாவூரில்தான் கிடைத்தது. ஆறு மாதம் தினமும் ரயிலில் போய் வந்தார். சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே இரட்டைப் பாதை, தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒற்றைப் பாதை. எதிரில் வண்டி வந்தால் கிராசிங்குக்கு நிற்க வேண்டியதுதான். சீசன் டிக்கெட் மலிவு, நேரம் மலிவில்லை.

"பெரிய கம்பெனி ஒன்று வரப்போகுது" என்ற பேச்சை நம்பி மனை வாங்குகிறவர்களையும் பார்க்கிறேன். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் அதற்குள் வருகின்றன. மயிலாடுதுறை அப்போது நாகையோடு சேர்ந்துதான் இருந்தது. செம்பு, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது எல்லாவற்றுக்கும் தடை. அந்தச் சட்டம் தேவை என்பதுதான் என் கட்சி. ஆனால் புகைபோக்கி வைத்த ஆலையை நம்பி இங்கே வீடு கட்டக் கூடாது.

காரைக்காலைத் தனியாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் நாகைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் இருக்கிறது, ஆனால் அது புதுச்சேரி. ரேஷன் கார்டு, வண்டிப் பதிவு, வசிப்பிடச் சான்று, பிள்ளைகளின் கல்லூரி ஒதுக்கீடு எல்லாம் வேறு அரசு. பெட்ரோல் விலையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். பெண்ணோ பையனோ பத்தாம் வகுப்பு படித்தால் முதலில் அந்த ஒதுக்கீட்டு விதிகளைப் படியுங்கள்.

அடுத்தது நிலம். சென்னையில் கார் நிறுத்துகிற இடத்தின் விலைக்கு இங்கே ஒரு மனையே கிடைக்கும் போலத் தோன்றும். வந்த மூன்றாம் மாதம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். வேண்டாம். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். டெல்டாவில் மற்ற ஊர்களில் அவ்வளவாக இல்லாத ஒரு சிக்கல் உண்டு: கோயில் நிலமும் ஆதீன நிலமும் ஊரெங்கும் இருக்கின்றன. மனை கோயிலுக்கு, மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு என்று தலைமுறையாக வரும் வீடுகள் ஏராளம். விற்பவர் அழகாக "சொந்த வீடு" என்பார். கட்டடம் அவருடையதுதான், பொய் இல்லை. பட்டா யார் பெயரில் என்று பார்த்தால் சாமி பெயர் இருக்கும். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. மூலப்பத்திரம், அ-பதிவேடு (நிலம் யாருடையது என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) இரண்டையும் இந்த ஊர் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். சென்னை வக்கீலுக்கு இந்த நெளிவு சுளிவு தெரியாது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அங்கீகாரம் உண்டா என்பதும் முக்கியம். அங்கீகாரம் இல்லாமல் போட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2016 அக்டோபர் 20 என்று ஒரு தேதி வைத்தார்கள். அதற்குப் பிறகு பிரித்தது என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வாடகை வீட்டிலும் ஒரு சங்கடம் உண்டு. பலர் இதை எழுதமாட்டார்கள். "உங்களுக்கு எந்த ஊரு?" என்று ஓனர் கேட்டால் அது ஊரைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. எந்தத் தெரு, யார் வீடு என்று போய், கடைசியில் எந்தச் சாதி என்பதில் நிற்கும். சில தெருக்களில் கறி சமைப்பீர்களா என்று நேராகவே கேட்பார்கள். சென்னையிலும் உண்டு, இங்கே சுற்றி வளைப்பது கம்மி. எங்களுக்கு இரண்டு வீடு இப்படிப் போயிற்று. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் பத்து நாளில் வீடு பிடித்துவிடலாம் என்று லாரிக்கு முன்பணம் கட்டியது என் தவறு.

சென்னைத் தூரத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் நடக்கும். மாதம் இரண்டு முறை ஆபீஸ் வந்தால் போதும் என்பார்கள். அந்த இரண்டும் திங்கள்கிழமையாக இருக்கும். ஞாயிறு இரவு உழவன், மன்னை ரயில்களில் இடம் வேண்டும் என்றால், முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும் அன்றே உட்கார வேண்டும். திருச்சியில் இருந்தால் விருத்தாசலம் வழிப் பாதையில் வண்டிகள் அதிகம், பகலிலேயே போய்ச் சேரலாம். அடிக்கடி போக வேண்டியவர்களுக்கு அதுதான் சரிப்படும்.

வயதான அப்பா அம்மா உடன் இருந்தால் அவசரத்துக்குப் போகும் பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் முதலுதவி செய்துவிட்டுத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்புவது சகஜம். அந்தப் பக்கம் போவதானால் 2018 நவம்பர் கஜா புயலையும் விசாரியுங்கள். உங்கள் தெருவுக்குத் திரும்ப மின்சாரம் வர எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் போதும். நாள் கணக்கைக் கேட்டவுடன் சொல்வார்கள்.

கும்பகோணத்துக்கே வருவீர்கள் என்றால் இன்னொன்று. சனி, ஞாயிறுகளில் நவக்கிரகக் கோயில்களுக்கு வரும் வேன்களும் முகூர்த்த நாள் கார்களும் சேர்ந்தால், மகாமகக் குளத்தைச் சுற்றி உள்ளவர்கள் பால் வாங்கவும் நடந்துதான் போக வேண்டும். அடுத்த மகாமகம் 2028-ல். அந்தப் பக்கம் வீடு பிடித்தால், அந்த வருடத்தைப் பற்றி வாடகை ஒப்பந்தம் போடும்போதே பேசிவிடுங்கள்.

நாங்கள் இப்போது தஞ்சாவூரில், புதாற்றுக்குத் தெற்கே இருக்கிறோம். மாதாந்திர மின்பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குக் கரன்ட் போனால் மாலைதான் வரும். இன்வெர்ட்டர் வாங்கிய பிறகே எனக்கு நிம்மதி. போன வாரம் பழைய ஆபீஸ் நண்பர் போன் செய்தார். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறாராம், அப்படியே இரண்டு வீடும் பார்த்துவிடுவாராம். பொங்கலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வீட்டை ஐப்பசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை பார்க்கலாம் என்றேன். "மழையில யாராவது வீடு பார்ப்பாங்களா?" என்று சிரித்தார்.