பிளேட் முழுக்கத் தெளிந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள்: டிஎன்ஏஸ் டெஸ்டில் நடக்கும் தவறுகள்

டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் என்ற நொதி ஒரு பாக்டீரியாவிடம் இருக்கிறதா என்று, டிஎன்ஏ கலந்த அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) பிளேட்டில் வளர்த்து, அமிலம் ஊற்றிப் பார்ப்பதுதான் டிஎன்ஏஸ் டெஸ்ட். போன ஐப்பசி அடைமழையில் ஒரு மதியம், தஞ்சாவூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் லேபில் ஒரு மாணவி பிளேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "சார், ஆறுமே பாசிட்டிவ்!" ஆறும் மூக்கில் ஸ்வாப் எடுத்து வளர்த்த காக்கஸ்கள், அதாவது உருண்டை வடிவப் பாக்டீரியாக்கள். வாங்கிப் பார்த்தால் அமிலம் ஊற்றிய பிளேட், அடியில் பிடித்திருந்த என் விரல் ரேகை வரைக்கும் தெரிகிறது. "மங்கல் எங்கேம்மா?" என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அடியில் பெயர் எழுதாமல் அடுக்கியதில் டிஎன்ஏ அகாருக்குப் பதில் டிஎன்ஏ இல்லாத சாதா நியூட்ரியன்ட் அகார் கைக்கு வந்திருக்கிறது.

1 நார்மல் (1N) செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் அகாரில் உள்ள வெட்டுப்படாத டிஎன்ஏ வீழ்படிவாகி பால் போல மங்கும், பாக்டீரியாவின் நொதி துண்டு துண்டாக வெட்டிப்போட்ட இடத்தில் மட்டும் மங்கல் வராது. மங்கலே இல்லாத பிளேட்டில் தெளிவுக்கு அர்த்தம் கிடையாது. ஈ.கோலையை நெகட்டிவாகவும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸைப் பாசிட்டிவாகவும் அதே பிளேட்டின் ஓரத்தில் வைத்திருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள். இடமில்லை என்று இப்படி முடிவு முன்பே தெரிந்த பாக்டீரியாவை, அதாவது கன்ட்ரோலை, விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

அடுத்தது ஊற்றும் விதம். மடை திறந்த மாதிரி கொட்டினால் வளர்ச்சி கரைந்து பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டுவது போல ஓரத்திலிருந்து மெதுவாக நிரப்பி, சில நிமிடம் விட்டு, மிச்சத்தை வடித்துவிட்டுக் கறுப்பு அட்டைமேல் வைத்துப் பாருங்கள். வளர்ச்சிக்கு அடியில் மட்டும் தெளிந்திருந்தால் போதாது, விளிம்பைத் தாண்டி வளையம் தெரிய வேண்டும். அமிலம் தயாரிக்கும்போது 100 மில்லிக்கு அடர் அமிலம் சுமார் 8.3 மில்லி, தண்ணீரில் அமிலத்தை விடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, அமிலம் ஊற்றினால் கல்ச்சர் செத்தது. 'இன்னும் ஒரு நாள் இன்குபேட்டரில் வைத்துப் பார்க்கலாம்' என்பதற்கு வழியே இல்லை. அதனால் 35-37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் முடியும்வரை அவசரப்படாமல், நன்றாகத் திரண்ட வளர்ச்சி வந்தபிறகு ஊற்றுங்கள், கையில் ஒரு துணைக் கல்ச்சரும் இருக்கட்டும். பிளேட்டை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தோன்றினால் மெத்தில் கிரீன் சாயம் கலந்த அகார் வாங்குங்கள், அதற்கு அமிலம் வேண்டாம், பச்சைக்கு நடுவில் நிறமற்ற வளையம் தெரியும். டொலுய்டின் புளூ சாயம் கலந்த வகை சில கிராம் பாசிட்டிவ் (கிராம் சாயத்தில் ஊதாவாகும்) காக்கஸ்களை வளரவிடாது.

அப்புறம், குளத்துத் தண்ணீரில் வந்த ஏதோ ஒரு கிராம் நெகட்டிவ் (கிராம் சாயத்தில் சிவக்கும்) கோல் வடிவப் பாக்டீரியாவுக்கு வளையம் கிடைத்ததும் 'செராஷியா' என்று எழுதிவிடுகிறார்கள். நம் ஊர்க் குளம், வாய்க்கால் தண்ணீரில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏரோமோனாஸும் டிஎன்ஏஸ் பாசிட்டிவ்தான்! ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதிக்கான டெஸ்டைப் போடுங்கள்: ஏரோமோனாஸ் பாசிட்டிவ், செராஷியா நெகட்டிவ். ஆரியஸ் விஷயத்திலும் அப்படித்தான், வேறு சில ஸ்டெஃபைலோகாக்கஸ் இனங்களும் வளையம் காட்டும் என்பதால் பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்க்கும் கோஆகுலேஸ் டெஸ்ட் இல்லாமல் பெயர் வைக்கக் கூடாது.

அந்த ஆறையும் அவள் மறுபடி போட்டாள், இந்தத் தடவை அடியில் மார்க்கரால் எழுதி, ஓரத்தில் கன்ட்ரோல் இரண்டும் வைத்து. மங்கல் பிடித்த பிளேட்டில் ஆறில் இரண்டே இரண்டுக்குத்தான் வளையம். அந்த இரண்டும் கோஆகுலேஸ் குழாய்க்குப் போயின.